கற்பனை மலைப் படங்கள்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நந்தி மலைக்கும் சாவனதுர்காவுக்கும் கேமராவோடு போய்வரும் நண்பர்கள், எடுத்த படத்தைக் கணினியில் வைத்துக் கனவுலக மலையாக மாற்ற முயலும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. அல்சூர், சிவாஜிநகர், ஒயிட்ஃபீல்டு என்று நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் தமிழில் கேட்டார்கள், தமிழிலேயே பதில் எழுதி வைக்கிறேன். மென்பொருள்களின் பொத்தான்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். மலைமேல் ஒளியும் காற்றும் நடந்துகொள்ளும் விதம் மாறாது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறேன்.

வண்ணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கற்பனை உலகம் வந்துவிடாதா?

வராது. கண் கூசும், அவ்வளவுதான். படத்தைப் பார்ப்பவர் ‘இந்த இடத்துக்கு எப்படிப் போவது?’ என்று ஒரு கணமாவது ஏங்க வேண்டும். அந்த ஏக்கத்துக்கு முதலில் நம்பிக்கை வேண்டும். மிதக்கும் பாறை, முகிலுக்கு மேல் கோபுரம், வானில் இரண்டு நிலா என எதை வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வர வேண்டும், தூரத்து மலை வெளிற வேண்டும், நிழல் விழ வேண்டிய பக்கம் விழ வேண்டும். இந்தச் சில விதிகளைக் காப்பாற்றினால் மற்ற எல்லாவற்றையும் தாராளமாக மீறலாம்.

இது ஏமாற்று வேலை ஆகாதா? புகைப்படம் என்றால் உண்மையைக் காட்ட வேண்டாமா?

படங்களை இணைப்பது புகைப்படக் கலையின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 1850-களில் இருந்த கொலோடியன் தகடுகள் (ஒளியுணரும் பூச்சு பூசிய கண்ணாடித் தகடுகள்) நீல நிறத்துக்கு மிகையாக எதிர்வினை காட்டும். கடலுக்குச் சரியாக ஒளியளித்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரான்ஸின் குஸ்தாவ் ல கிரே, வானத்தை ஒரு நெகட்டிவிலும் கடலை இன்னொன்றிலும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். சீனாவின் லாங் ஜிங்ஷான் (1892–1995) மலை, பைன் மரம், மூடுபனி ஆகியவற்றைத் தனித்தனி நெகட்டிவ்களிலிருந்து இருட்டறையில் இணைத்து, மை ஓவியம் போன்ற நிலக்காட்சிகளை உருவாக்கினார். நாம் இன்று செய்யும் வேலைக்கு நேர் முன்னோடி அவர்தான். அமெரிக்காவின் ஜெர்ரி யுல்ஸ்மன், நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு இதையே இன்னும் துணிச்சலாகச் செய்தார்.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்றால், இணைத்த படத்தின் கீழே ‘இன்று காலை நந்தி மலையில்’ என்று எழுதும்போது. அதை நம்பி ஒரு குடும்பம் நள்ளிரவில் கிளம்பி வந்து ஏமாந்து திரும்பும். ‘பல படங்களை இணைத்து உருவாக்கியது’ என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அந்த வரியால் எந்த நல்ல படமும் மதிப்பிழந்ததில்லை.

பெங்களூரைச் சுற்றி இருப்பவை மொட்டைப் பாறைக் குன்றுகள்தானே? கற்பனை உலகத்துக்குப் பனிச்சிகரம் வேண்டாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ராமநகரத்திலும் சாவனதுர்காவிலும் நிற்கும் கருங்கல், குளோஸ்பேட் கிரானைட் என்ற பாறைத் தொடரைச் சேர்ந்தது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். லால்பாக் பூங்காவுக்குள் கெம்பேகவுடா காவல்கோபுரம் நிற்கும் பாறை அதைவிடவும் பழையது. இமயம் இவற்றின் முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை. கூரான பனிச்சிகரங்களை உலகமே கணினியில் செய்து குவித்துவிட்டது. செடிகொடி ஏறாத, மழைநீர் வழிந்து கறுப்புக் கோடுகள் விழுந்த, ஒரே கல்லாலான குன்று, பார்ப்பவருக்குப் புதிது.

சாவனதுர்கா கடல்மட்டத்திலிருந்து 1,226 மீட்டர். அடிவாரத்துக் கோவில் பக்கம் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, முன்னால் ஒரு சிறு பாறையும் பின்னால் குன்றும் வருமாறு எடுத்துப் பாருங்கள். அந்தப் பாறைச் சரிவின் உயரத்தைத் தேவைப்பட்டால் கணினியில் ஒன்றரை மடங்கு நீட்டலாம். மரங்கள் இல்லாத பாறை மட்டும் இருக்கும் பகுதியில் நீட்டினால் கண்டுபிடிக்க முடியாது. மரத்தையும் சேர்த்து நீட்டினால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையும் மலைசார்ந்த இடமுமான குறிஞ்சிக்குப் பொழுதைக்கூட நம் முன்னோர் குறித்து வைத்திருக்கிறார்கள்: கூதிர்காலமும் முன்பனியும், சிறுபொழுதில் யாமம். தினைப்புனம், மூங்கில், வேங்கை, காந்தள், சுனை, அருவி, மயில், யானை என்று கருப்பொருள் பட்டியலே கையில் இருக்கிறது. நள்ளிரவு, கூதிர்க் காற்று, பரண்மேல் ஒற்றைத் தீவெளிச்சம், கீழே பள்ளத்தாக்கில் நிற்கும் யானை நிழல் என்று ஒரு படத்தை மனத்தில் கட்டிப் பாருங்கள். ஐரோப்பியக் கோட்டையும் டிராகனும் இல்லாமலேயே அது முழுக் கற்பனை உலகம்.

எப்போது போவது, எப்படி எடுப்பது?

மழைக்காலம் முடிந்து குளிர் விடும் வரை, விடியற்காலையில். நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். இரவு தெளிவாக இருந்து காற்று அடங்கியிருந்தால் கீழே மேகக் கடல் கிடைக்க வாய்ப்பு அதிகம். வார இறுதி நெரிசலைத் தவிர்த்து வார நாளில் போங்கள். ஸ்கந்தகிரி போன்ற ஏற்றங்களுக்கு முன்பதிவு வேண்டும் என்பதால் புறப்படும் முன் கர்நாடக வனத்துறையின் முன்பதிவு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

எடுக்கும்போது ஒரே ‘நல்ல’ படத்தைத் தேடாதீர்கள். பிற்பாடு இணைப்பதற்கான பொருள்களைச் சேகரியுங்கள்: பாறையின் மேற்பரப்பு, தனி மரம், மூடுபனியின் ஓரம், மலைமுகடு. முக்காலி வைத்து மூன்று வெவ்வேறு ஒளியளவுகளில் எடுங்கள். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம். அங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டும் பறவைகளை நெருங்க வேண்டாம்.

ரா கோப்பில்தான் எடுக்க வேண்டுமா? ஜேபெக் போதாதா?

இந்த வேலைக்கு ரா வேண்டும், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள் வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். விடியல் வானத்தின் மென்மையான நிறமாற்றத்தை ஜேபெக்கில் இழுத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழும். கைப்பேசியிலும் ரா எடுக்கும் வசதி இருந்தால் அதையே போடுங்கள்.

என் மகன் பத்தாவது படிக்கிறான், ஆர்வமாக இருக்கிறான். விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கிம்ப், கிரிட்டா, டார்க்டேபிள் மூன்றும் இலவசம். ரா கோப்பைத் திறக்க டார்க்டேபிள், இணைக்க கிம்ப், தூரிகையால் மூடுபனி தீட்ட கிரிட்டா. ஃபோட்டோஷாப்பில் சில வேலைகள் விரைவாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), மாஸ்க் (லேயரில் வேண்டாத பகுதியைக் கறுப்பால் மறைக்கும் திரை), கர்வ்ஸ் (ஒளி-இருளைச் சரிசெய்யும் வளைகோடு) ஆகிய மூன்றும் கைவந்தால் எந்த மென்பொருளிலும் பிழைத்துக்கொள்ளலாம். பணம் செலவழிப்பதாக இருந்தால் ஒரு நல்ல மானிட்டருக்குச் செலவழியுங்கள். நிறம் தப்பாகக் காட்டும் திரையில் எவ்வளவு உழைத்தாலும் வீண்.

வானத்தை மாற்றினால் ஒட்டவைத்தது போலவே இருக்கிறதே, ஏன்?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், பொறுமையாகப் பார்ப்போம். ஃபோட்டோஷாப்பில் 2020 முதல் ஒரே சொடுக்கில் வானத்தை மாற்றும் வசதி இருக்கிறது. அது விளிம்பைக் கத்தரித்துக் கொடுக்கும். அந்த வானம் இந்த மண்ணுக்குப் பொருந்துமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நிழலைப் பாருங்கள். சூரியன் 45 பாகையில் இருந்தால் நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்குச் சமம். 10 பாகைக்கு இறங்கினால் நிழல் ஐந்தரை மடங்குக்கும் மேல் நீளும். உச்சிவெயிலில் எடுத்த பாறையின் காலடியில் நிழல் சுருண்டு கிடக்கும்போது மேலே அந்திச் செவ்வானத்தை வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இதைத் தூரிகையால் சரிசெய்யப் போராடுவதைவிட வேறு வானம் தேடுவது நல்லது. மேகமூட்டமான நாளில் எடுத்த மலைக்கு நிழலே அழுத்தமாக இருக்காது. அதனால் இணைப்பு வேலைக்கு மிகவும் வசதியான மூலப்படம் அதுதான். எந்தப் பக்கம் வெளிச்சம் வேண்டுமோ அந்தப் பக்கம் நீங்களே தீட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது பார்வைக் கோணம். அடிவானத்தை நெருங்க நெருங்க மேகங்கள் சிறுத்து, நெருக்கமாக அடுக்கப்பட்டது போலத் தெரியும். தலைக்கு மேல் அண்ணாந்து எடுத்த மேகத்தை மலைக்குப் பின்னால் வைத்தால் வானம் செங்குத்தாக எழுந்து சுவர் போல நிற்கும். இரண்டு படங்களின் லென்ஸும் அடிவானக் கோடும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, வானத்தின் நிறம் தரையிலும் படிய வேண்டும். வான லேயரைப் பிரதி எடுத்து, உருவமே தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, தரைப்பகுதிக்கு மட்டும் ‘சாஃப்ட் லைட்’ என்ற லேயர் கலப்பு முறையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை படியவிடுங்கள். பாறையின் மேல்நோக்கிய முகங்கள் வானத்தின் நிறத்தை வாங்கும், கீழ்நோக்கிய பள்ளங்கள் வாங்காது. மாஸ்க்கில் அந்தப் பள்ளங்களைக் கறுப்பாக்கிவிடுங்கள். இந்த ஒரு படியைச் செய்தாலே ஒட்டுவேலைத் தோற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கடைசியாக, வானம் பொதுவாகத் தரையைவிடப் பிரகாசமாக இருக்கும். வெயிலில் மின்னும் பனிச்சிகரமோ, கறுத்த புயல் மேகத்தின் முன்னால் வெயில் பட்ட குன்றோ இருந்தால்தான் இது தலைகீழாகும்.

வானங்களுக்கு எங்கே போவது?

உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு. ஏப்ரல், மே மாதங்களின் மாலையில் மாம்பழ மழைக்கு முன் பெங்களூர் வானத்தில் எழும் கோபுர மேகங்களுக்கு இணையே இல்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என ஆண்டு முழுவதும் வானம் மாறிக்கொண்டே இருக்கும். எடுத்த ஒவ்வொரு வானத்துக்கும் சூரியன் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், என்ன லென்ஸ் என்று குறித்து வையுங்கள். ஓராண்டில் உங்களுக்கென்று ஒரு வானக் களஞ்சியம் சேர்ந்துவிடும்.

மலை அடுக்குகளுக்கு இடையே மூடுபனி எப்படிக் கொண்டுவருவது?

முதலில் மூடுபனி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரவில் தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தங்குகிறது. அங்கே ஈரம் திவலைகளாகிப் பனியாகிறது. ஆகவே பனியின் மேல்விளிம்பு பெரும்பாலும் சமமட்டமாக இருக்கும். மலைச்சரிவைத் தொடும் இடத்தில் மட்டும் மேலேறிச் சுருளும். படம் முழுவதும் வெள்ளைத் தூரிகையைப் பரப்பினால் அது புகையாகத்தான் தெரியும்.

செய்முறை இப்படி. ஒவ்வொரு மலை அடுக்குக்கும் ஒரு மாஸ்க். இரண்டு அடுக்குகளுக்கு இடையில் ஒரு வெற்று லேயர். பெரிய, மென்மையான தூரிகை. அடர்த்தி ஐந்து முதல் பத்து சதவீதம். நிறத்தை அந்தப் படத்தின் அடிவானத்திலிருந்தே எடுக்க வேண்டும், வெறும் வெள்ளை கூடாது. ஒரே தடவையில் அழுத்தாமல் மெல்ல மெல்லப் பலமுறை தடவுங்கள். முன்னால் இருக்கும் அடுக்கின் முகட்டுக் கோடு கூராக நிற்க, அதன் பின்னால் பனி அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப்போகக் கரைய வேண்டும். பிறகு உண்மையான பனிப்படம் ஒன்றிலிருந்து ஓரிரு சுருள்களை எடுத்து, வெளிச்சத்தை மட்டும் கூட்டும் ‘ஸ்கிரீன்’ கலப்பு முறையில் சேர்த்தால் தூரிகையின் தடம் மறைந்துவிடும்.

பனி இல்லாத தெளிந்த காற்றுக்கும் நிறம் உண்டு. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் தூரத்து மலை நீலமாகிறது. பனித்திவலைகள் பெரியவை, எல்லா நிறங்களையும் ஒரேபோலச் சிதறடிக்கும். ஆகவே பனி வெண்மை. கர்வ்ஸில் ஒவ்வொரு பின் அடுக்குக்கும் கறுப்பின் அடிமட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, காண்ட்ராஸ்டைக் குறைத்துக்கொண்டே போங்கள். கடைசி மலையில் முழுக் கறுப்பு என்று ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. சூரியனை நோக்கி எடுத்த அந்திப் படத்தில் மட்டும் தூரம் நீலமாகாமல் பொன்னிறமாகும். இதை மறந்து எல்லாப் படத்துக்கும் நீலம் பூசுகிறார்கள்.

மரக்கிளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிறது. என்ன செய்வது?

நந்தி மலையின் யூகலிப்டஸ் மரங்களில் இந்தச் சிக்கல் அதிகம். மெல்லிய இலைகள் தொங்கிக்கொண்டு, இடையில் வானம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கையால் வெட்டவே வேண்டாம். படத்தின் நீல நிறத்தை மட்டும் தனியாகக் காட்டும் நீல சேனலில் வானம் வெளுத்தும் இலை கறுத்தும் இருக்கும். அதைப் பிரதி எடுத்து, லெவல்ஸ் என்ற ஒளியளவுக் கருவியில் வெள்ளையையும் கறுப்பையும் நெருக்கினால் மாஸ்க் தயார். மிச்சமிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு, புதிய வானத்தை அந்த விளிம்பில் மட்டும், இரண்டில் இருண்டதையே காட்டும் ‘டார்க்கன்’ கலப்பு முறையில் வையுங்கள். இலை ஓரத்தில் அரைகுறை ஒளிபுகல் இருப்பதுதான் இயல்பு. கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு இருந்தால் மாஸ்க் மிகையாகிவிட்டது என்று பொருள்.

மலைக்குப் பின்னால் பெரிய நிலா வைக்கலாமா?

வைக்கலாம், அளவு தெரிந்து வையுங்கள். வானில் நிலாவின் அகலம் அரைப் பாகைதான். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (சென்சார் 36 மி.மீ. அகலம்) 24 மி.மீ. லென்ஸ் போட்டால் சென்சாரில் அதன் உருவம் சுமார் 0.2 மி.மீ., அதாவது படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 160-இல் ஒரு பங்கு. 400 மி.மீ. லென்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்கு. பெரிய நிலா வேண்டுமானால் மலையையும் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுங்கள், எல்லாம் பொருந்தும். வேற்றுலகம் என்று அறிவித்துவிட்டு வானத்தில் பாதியை அடைக்கும் நிலாவை வைப்பதும் சரிதான். அப்போது அதை நோக்கியிருக்கும் பாறை முகங்களிலும் அதன் வெளிச்சம் பட வேண்டும். பிறை நிலாவின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் மின்னக் கூடாது. அங்கே நிலாவின் உடல் இருக்கிறது.

பால்வீதிக்கும் இதே கண்டிப்பு. பெங்களூர் இருக்கும் 13 பாகை வட அட்சரேகையில் அதன் பிரகாசமான மையப்பகுதி தெற்கு வானத்தில்தான் வரும், அதிகபட்சம் 48 பாகை உயரம் வரை. வடக்கு நோக்கி எடுத்த குன்றின் மேல் அதை நிறுத்தி இடப்பெயரும் போட்டால், வானம் பார்ப்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

ஏரியில் பிரதிபலிப்புக்கு மலையைத் தலைகீழாகத் திருப்பினால் போதுமா?

தூரத்து மலைக்குப் போதும், கரையோரப் பாறைக்குப் போதாது. நீரில் தெரியும் காட்சி, கேமரா நீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில் நீருக்குக் கீழே இருந்து பார்த்தது போன்றது. ஆகவே கரைப் பாறையின் அடிப்பாகம் நீரில் தெரியும். அதன் பின்னால் இருப்பது மறையும். பிரதிபலிப்பில் வெளிச்சமானவை சற்று மங்கும், இருண்டவை சற்று வெளிறும்.

அந்தக் கனவு போன்ற மென்ஒளி எப்படி வருகிறது?

கனடாவின் மைக்கேல் ஆர்ட்டன் 1980-களில் ஸ்லைடு ஃபிலிமில் கண்டுபிடித்த வழி. கூர்மையான படம் ஒன்றையும் குவியம் தவறிய படம் ஒன்றையும், இரண்டையும் சற்று மிகையொளியில் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். கணினியில் படத்தைப் பிரதி எடுத்து மங்கலாக்கி, இருபது சதவீத அடர்த்தியில் வைத்தால் அதே விளைவு. முன்புறப் பாறையில் மட்டும் மாஸ்க்கால் அழித்துவிடுங்கள். எல்லாமே மென்மையானால் கண்ணுக்கு நிற்க இடம் இருக்காது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் மலை கிடைக்கிறதே?

கிடைக்கிறது. எல்லாருக்கும் ஏறக்குறைய அதே மலை கிடைக்கிறது: ஊசிச் சிகரம், பனித்தொப்பி, நடுவில் வளைந்து செல்லும் ஆறு. குப்பைத்தொட்டியையோ மின்கம்பியையோ நீக்க அந்தக் கருவியைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஆனால் மலையை நான் அதனிடம் வாங்குவதில்லை. பெங்களூர் அருகிலுள்ள சிவகங்கைக் குன்றின் பாறையில் மழைநீர் விட்ட தடத்தை நேரில் தொட்டு எடுத்தவரின் படத்தில் அந்தத் தடம் அப்படியே இருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் மற்றவர் படத்தைச் சேர்க்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. கடன் வாங்கிய வானத்தில் ஓரம் மட்டும் தெரிந்தாலும் அது அவருடையதுதான்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

2021 ட்ரோன் விதிகள்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பாருங்கள். விமான நிலையம் தேவனஹள்ளியில் இருப்பதால் வடக்குப் பக்கக் குன்றுகளில் கூடுதல் கவனம் வேண்டும். சரணாலயங்களில் வேண்டவே வேண்டாம்.

போட்டிக்கு அனுப்பலாமா?

பிரிவைப் பார்த்து அனுப்புங்கள். ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் விதிகளில் இயற்கைப் பிரிவு என்று இருந்தால், படத்தில் எதையும் சேர்ப்பதோ நீக்குவதோ இடம் மாற்றுவதோ கூடாது. திறந்த பிரிவிலும் படைப்பாக்கப் பிரிவிலும் நம் படங்களுக்கு இடம் உண்டு. பெங்களூரிலேயே 1971-இல் தொடங்கிய யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி இருக்கிறது. அதன் கண்காட்சிகளில் மற்றவர்கள் அச்சிட்ட படங்களை நேரில் நின்று பாருங்கள், திரையில் தெரியாத பல குறைகள் அங்கே தெரியும்.

அச்சிட்டால் இருட்டாக வருகிறது. ஏன்?

திரை தானே ஒளிர்கிறது. தாள் அறையின் வெளிச்சத்தை நம்பி நிற்கிறது. மானிட்டரின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். 12க்கு 18 அங்குலத் தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3600 × 5400 பிக்சல் வேண்டும். ஏறத்தாழ 19 மெகாபிக்சல். பல படங்களை இணைத்திருந்தால் ஒவ்வொன்றின் கூர்மையும் இரைச்சலும் (நாய்ஸ் எனும் புள்ளிகள்) வேறுவேறாக இருக்கும். அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, முழுப் படத்தின் மேலும் மிக மெல்லிய ஃபிலிம் துகள் (கிரெய்ன்) சேர்த்துவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் தாளில் நிழல் பகுதிகள் இன்னும் அடங்கிப் போகும் என்பதால் முதலில் ஒரு சிறு துண்டை மட்டும் அச்சடித்துப் பார்த்து, அடுக்குகள் பிரிந்து தெரிகின்றனவா என்று சரிபார்த்தபின் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.